பழவேற்காட்டுக் கடற்கரையும் கடலரிப்பும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே அமைந்த மீனவச் சிற்றூர். சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில் உள்ளது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம், சோழவரம் ஆகிய ஊர்களைக் கடந்து, தச்சூர் கூட்டுச்சாலையில் கிழக்கே திரும்பிப் பொன்னேரி வழியாக இவ்வூரை அடையலாம். பூநாரைகளைப் பார்க்கவும், டச்சுக் கல்லறைகளைப் படமெடுக்கவும், இறாலும் நண்டும் வாங்கவும் விடுமுறை நாட்களில் பலர் வருகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஏரிக்கரையோடு திரும்பிவிடுவர். ஏரியின் குறுக்கே உள்ள பாலத்தைக் கடந்து கிழக்கே சென்றால் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கன்குப்பம், கூனங்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகள் ஒரு மெல்லிய மணல் திட்டின்மேல் வரிசையாக இருக்கின்றன. இந்த மணல் திட்டு கரைந்துவருகிறது. அதற்கான காரணம் பழவேற்காட்டில் தொடங்கவில்லை. தெற்கே சென்னைத் துறைமுகத்திற்குக் கல் கொட்டத் தொடங்கிய காலத்திலேயே அது தொடங்கிவிட்டது.

கரையின் தன்மை

கடலரிப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது இடிந்து விழும் பாறை மேடுகள். கேரளத்தின் வர்க்கலையில் செம்பாறை மேடு கடலை நோக்கிச் சரிந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள டன்விச் என்னும் ஊர் இதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இடைக்காலத்தில் பெரிய துறைமுக நகராக இருந்த டன்விச்சை 1286ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. பின்னர் பல நூற்றாண்டுகளாக மண் மேடு இடிய இடிய, அதன் தேவாலயங்கள் ஒவ்வொன்றாகக் கடலில் விழுந்தன. ஊர் ஏறக்குறைய மறைந்த பிறகும் 1832 வரை அவ்வூர் நாடாளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது என்பது ஒரு வேடிக்கையான செய்தி.

பழவேற்காட்டில் பாறை இல்லை. இங்குள்ள மேடுகள் அனைத்தும் காற்றும் அலையும் குவித்த மணல். புயல் ஓய்ந்த மறுநாள் சென்று பார்த்தால் மணல்மேட்டின் கடல்பக்கம் அரிவாளால் அறுத்ததுபோலச் செங்குத்தாக நிற்பதைக் காணலாம். அதன் விளிம்பில் சவுக்கு மரங்களின் வேர்கள் வெளியே தொங்கும். ஆனால் பாறை மேட்டுக்கும் மணல் மேட்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. உடைந்த பாறை திரும்ப ஒட்டாது. மணலோ போன இடத்திற்கே திரும்பிவரக்கூடியது. வருவதற்கு வழி திறந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

சோழமண்டலக் கரையில் மணல் ஓர் ஆற்றைப்போல ஓடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதன் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. வடக்கே செல்லும் காலம் நீளமானது, ஆகவே ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கிச் செல்கிறது. பழவேற்காடு ஏரியே இந்த மணலோட்டத்தின் படைப்புதான். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய கரையைவிட மேற்கே பரவியிருந்தது. கடல் பின்வாங்கியபோது மணல் நீண்ட திட்டாகப் படிந்து, உட்புறத்தில் ஒரு நீர்ப்பரப்பை அடைத்துக்கொண்டது. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இவ்வாறு உருவானது. அதன் பெரும்பகுதி இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. ஏரியைக் கடலிலிருந்து பிரிக்கும் மணல் திட்டுகளில் பெரியது ஸ்ரீஹரிக்கோட்டா.

ஆற்றுமணலும் இந்தக் கணக்கில் சேரும். கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலில் கலக்கிறது. ஆரணியாறு பொன்னேரியைக் கடந்து பழவேற்காடு ஏரியில் சேர்கிறது. கொசஸ்தலையாற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பிச் சென்னைக்குக் குடிநீராகத் தரும் திட்டம் 1872இல் செயல்பாட்டுக்கு வந்தது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டது. அணையில் நீர் நின்றால் மணலும் நின்றுவிடும். பின்னாளில் ஆற்றுப் படுகைகளில் மணல் அள்ளப்பட்டதும் இதனுடன் சேர்ந்துகொண்டது. சோழவரம் ஏரியைப் பார்க்கும் ஒருவருக்கு அதற்கும் கடலரிப்புக்கும் தொடர்பு உண்டு என்று தோன்றாது. ஆயினும் ஏரியில் நிறையும் வெள்ளம் கடலுக்குச் சேரவேண்டிய மணலின் வரவைக் குறைத்தே நிறைகிறது.

டச்சுக்காரர் காலம்

பழவேற்காடு என்ற பெயருக்குப் பழைய வேலமரக் காடு என்று பொருள் கூறுவர். விசயநகர அரசின் காலத்தில் இது கிழக்குக் கரையின் பெயர்பெற்ற துறைமுகம். இங்கிருந்து சென்ற வண்ணத் துணிகளுக்குத் தென்கிழக்காசியத் தீவுகளில் பெரும் தேவை இருந்தது. துணி கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்குவதே அன்றைய வணிகமுறை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரரும் வந்தது இந்தத் துணிக்காகவே.

டச்சுக்காரர் அமைத்த பண்டகசாலையை 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தனர். அதனால் 1613இல் வெம்மர் வான் பெர்ஷம் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு கோட்டை எழுந்தது. அவருடைய சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் பெயரால் அது கெல்டிரியா கோட்டை எனப்பட்டது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும்வரை சோழமண்டலக் கரையில் டச்சு ஆட்சியின் தலைநகர் இதுவே. ஆபிரகாம் ரோஜீரியஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1632 முதல் பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்தார். பத்மநாபன் என்ற பிராமணர் துணையுடன் அவர் தொகுத்த, இந்து சமயம் பற்றிய நூல் 1651இல் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்களை ஐரோப்பிய மொழியொன்றில் முதலில் தந்த நூல் அது. இதே ஊரிலிருந்து அடிமைகளாகப் பல்லாயிரம் பேர் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டதும் இதே காலத்தில்தான். சுற்றுலாக் கையேடுகள் கல்லறைச் சிற்பங்களை விவரிக்கும் அளவுக்கு இதை விவரிப்பதில்லை.

கடலரிப்பைப் பற்றிப் பேசும்போது கவனிக்கவேண்டியது கோட்டையின் இருப்பிடம். டச்சுக்காரர் அதைக் கடலோர மணலில் கட்டவில்லை, ஏரிப் பக்கத்தில் கட்டினர். பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டன. சரக்கு படகுகளில் முகத்துவாரம் வழியாக வந்து போனது. மணல் திட்டு அலையையும் புயலையும் வாங்கிக்கொள்ள, அதன் பின்னே ஊர் பத்திரமாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தரங்கம்பாடி உதவும். அங்கே குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் கடலோரம் எடுக்கப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கெல்டிரியா கோட்டையை அழித்தது கடல் அன்று. 1806இல் ஆங்கிலேயர் அதை இடித்துத் தள்ளினர். 1825இல் ஊர் முழுமையாக அவர்கள் கைக்கு வந்தது. இன்று கோட்டை இருந்த இடம் புதர் மண்டிய மேடாகவும் அகழியாகவும் எஞ்சியிருக்கிறது. வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்ட 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஆனால் அந்தக் கல்லறைகளுக்கு உண்மையான காவல் கிழக்கே இருக்கும் மணல் திட்டு. அதற்கு இவ்வாறான பாதுகாப்பு எதுவும் இல்லை.

அக்காலத்திலும் கரை அசையாமல் இருந்ததாகக் கொள்ளக்கூடாது. முகத்துவாரம் இடம் மாறும், கோடையில் தூர்ந்துபோகும், வெள்ளத்தில் உடைத்துக்கொள்ளும். மீனவர்களின் பழைய குடிசைகள் பனையோலையும் மூங்கிலும் கொண்டவை. கடல் நெருங்கினால் பிரித்து எடுத்துக்கொண்டு மேற்கே சிறிது தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். பின்னால் இடம் இருந்தவரை கடலரிப்பு ஒரு தொல்லை, அவ்வளவே.

சென்னைத் துறைமுகம்

இந்த நிலை மாறியது தெற்கே. இயற்கைத் துறைமுகம் இல்லாத சென்னையில் கப்பல்கள் வெளிக்கடலில் நின்றன. மசூலாப் படகுகள் அலையைக் கடந்து சரக்கையும் பயணிகளையும் கரைசேர்த்தன. இதற்கு மாற்றாகக் கடலுக்குள் இரண்டு கற்சுவர்களை நீட்டித் துறைமுகம் அமைக்க 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1876இல் பணி தொடங்கியது. ஏறக்குறைய முடிந்த நிலையில் 1881 நவம்பர்ப் புயல் சுவர்களைச் சிதைத்தது. மீண்டும் கட்டி முடிக்க 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

சுவர் எழுந்ததும் தெற்கிலிருந்து வந்த மணல் அதில் முட்டி நின்றது. துறைமுகத்திற்குத் தெற்கே கடல் பின்வாங்கிக் கரை அகன்றது. கோட்டைக்குச் சற்றுத் தொலைவிலேயே இருந்த கடல் விலகி விலகிச் சென்று, இன்றைய மெரினாவின் பரந்த மணல்வெளி உருவாகியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். துறைமுகத்தின் கிழக்கு வாயிலிலும் மணல் தொல்லை கொடுத்ததால் அதை மூடிவிட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் தலைமையில் வடகிழக்கில் புதிய வாயில் திறக்கப்பட்டது.

மெரினாவில் சேர்ந்த மணல் வடக்கே இராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச்சேர வேண்டியது. அது போகவில்லை. ஆனால் அங்கிருந்து வடக்கே மணலை எடுத்துச்செல்லும் அலைகள் நிற்கவில்லை. வரவு நின்று செலவு தொடர்ந்ததால் வடசென்னைக் கரை தேய்ந்தது. மீனவர் தெருக்களும், கடலோரக் கோயில்களும், எண்ணூர்ச் சாலையின் பகுதிகளும் கடலுக்குப் போயின. மெரினாவில் மாலைக் காற்று வாங்குவோர் நடக்கும் மணலை வடசென்னை மீனவர் இழந்த நிலம் என்று சொன்னால் அது மிகையாகாது.

அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கொட்டியும் கடல் கல்லை விழுங்கியது. பின்னர், 2004ஆம் ஆண்டையொட்டி, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையின் வடிவமைப்பில் இராயபுரத்துக்கு வடக்கே கரைக்குக் குறுக்காக, தூண்டில் வளைவு என்று மக்கள் அழைக்கும் கல் திட்டுகள் வரிசையாக அமைக்கப்பட்டன. இரு வளைவுகளுக்கு இடையே மணல் சேர்ந்தது. எண்ணூர் விரைவுச் சாலை காப்பாற்றப்பட்டது. ஆனால் தூண்டில் வளைவு மணலை உண்டாக்குவதில்லை. போகிற மணலைப் பிடித்து வைக்கிறது. பிடித்து வைத்த அளவுக்கு அடுத்த ஊருக்குக் குறையும்.

எண்ணூரும் காட்டுப்பள்ளியும்

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதைக் குறைக்கவும் வடசென்னை அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி தரவும் எண்ணூர்க் கழிமுகத்திற்கு வடக்கே ஒரு புதிய துறைமுகம் திட்டமிடப்பட்டது. இது 2001இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் என்று பெயர் மாற்றப்பட்டது. இதன் வடக்கு அலைதடுப்புச் சுவர் சுமார் 3 கி.மீ. நீளமுடையது. அதற்கு வடக்கே, ஒட்டினாற்போல, காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி நிறுவனம் கப்பல் கட்டும் தளத்துடன் அமைத்த துறைமுகம் 2013 ஜனவரியில் திறக்கப்பட்டது. 2018இல் அது அதானி குழுமத்திடம் சென்றது.

சென்னையில் நூறாண்டுகளில் நடந்தது இங்கே சில ஆண்டுகளிலேயே நடந்தது. துறைமுகங்களுக்குத் தெற்கே மணல் சேர்ந்து, எண்ணூர்க் கழிமுகம் அடிக்கடி தூர்ந்தது. வடக்கே காளாஞ்சி, கருங்காளி, கோரைக்குப்பம் பக்கம் கரை தேய்ந்தது. காட்டுப்பள்ளியையும் பழவேற்காட்டையும் இணைக்கும் கடலோரச் சாலையை அலைகள் பலமுறை சேதப்படுத்தியுள்ளன.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் பின்னர் முன்வைக்கப்பட்டது. இதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்துப் பெறவேண்டிய நிலம். பழவேற்காட்டு மீனவர்கள் இதைக் கடுமையாக எதிர்த்துவருகின்றனர். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் இரண்டும் தள்ளிவைக்கப்பட்டன. வேலைவாய்ப்பும் சரக்குப் போக்குவரத்தும் திட்டத்தின் ஆதரவாளர்கள் கூறும் காரணங்கள். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகில் ஆழமான துறைமுகம் பயன்தரும் என்பது பொய்யன்று. ஆனால் அந்தப் பயனின் கணக்கேட்டில் வடக்கே இழக்கப்படும் கரையின் விலை எழுதப்படுவதில்லை. 1876இலும் எழுதப்படவில்லை. அன்று இந்த மணலோட்டத்தை முழுமையாகக் கணிக்க முடியவில்லை என்று சொல்ல இடமிருந்தது. இன்று அந்தச் சமாதானம் செல்லாது. சென்னைத் துறைமுகத்தின் அனுபவம் கடலோரப் பொறியியல் வகுப்புகளில் பாடமாகவே நடத்தப்படுகிறது.

இது ஓரூரின் சிக்கல் மட்டுமன்று. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியக் கரையில் 33 விழுக்காடும் தமிழகக் கரையில் 41 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கணக்கிட்டது. புதுச்சேரியில் இது 57 விழுக்காடு. அங்கும் 1980களில் கட்டிய துறைமுகச் சுவருக்கு வடக்கேதான் நகரின் மணற்கரை மறைந்தது.

குப்பங்களின் நிலை

மீனவர் குப்பத்திற்கு மணற்கரை வெறும் காட்சி அன்று. படகை ஏற்றி நிறுத்துவது, வலை காயவைத்துப் பழுதுபார்ப்பது, கருவாடு உலர்த்துவது, ஏலம் போடுவது எல்லாம் அங்கேதான். கரைவலை இழுக்க அகலமான கரை வேண்டும். கரை குறுகும்போது வீடு விழுவதற்கு வெகு முன்னரே தொழில் விழத் தொடங்குகிறது. கட்டுமரத்தை நான்கு பேர் தூக்கி மேலே வைத்துவிடலாம். எஞ்சின் பொருத்திய ஃபைபர் படகுக்கு அது நடவாது.

பழவேற்காட்டில் கடல், ஏரி என்று இரண்டு தொழில்களும் கலந்திருக்கின்றன. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு என்ற முறையில் பகிர்ந்துகொள்கின்றனர். எந்த ஊரார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை ஊர்க் கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. பழைய உரிமை உள்ள சில ஊர்களுக்கே இதில் இடம் உண்டு. புதிதாக வந்தோரும் பிற சமூகத்தாரும் பெரும்பாலும் வெளியே நிற்கின்றனர். ஸ்ரீஹரிக்கோட்டாவில் ஏவுதளத்திற்காக நிலம் எடுக்கப்பட்டபோது அங்கிருந்து வெளியேறிய மீனவர் சிலர் பழவேற்காட்டுப் பக்கம் குடியமர்ந்தனர். அந்த அனுபவம் ஒன்றைக் காட்டுகிறது: அரசு வீட்டுமனை தரலாம், பாடு தர இயலாது. கடலரிப்புக்காக ஒரு குப்பத்தை மேற்கே மாற்றலாம் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொல்வோர் இதை எண்ணிப்பார்ப்பதில்லை. மேலும் இந்த மணல் திட்டில் மேற்கே என்று சொல்வதற்குச் சில நூறு மீட்டரே உண்டு. அதற்கப்பால் ஏரி.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இக்குப்பங்களைத் தாக்கியது. அதன்பின் கட்டப்பட்டவை கான்கிரீட் வீடுகள். மக்களுக்கு அவை தேவைப்பட்டன, அவர்கள் விரும்பியும் ஏற்றனர். ஆனால் பழைய ஓலைக் குடிசையைப்போல அவற்றைப் பிரித்து எடுத்துச்செல்ல முடியாது. கரை முன்பைவிட வேகமாக நகரும் காலத்தில் வீடு நகர முடியாததாக ஆகிவிட்டது.

முகத்துவாரம் தூர்வது இன்னொரு பெரிய குறை. ஏரியில் நிறுத்திய படகுகள் இதன் வழியாகவே கடலுக்குச் செல்லவேண்டும். மணல் அடைத்துக்கொண்டால் ஆழமற்ற வாயிலில் அலை படகைக் கவிழ்த்துவிடுகிறது; உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. கடல்நீர் புகாவிட்டால் ஏரியில் இறால் வரத்தும் குறைகிறது. நிரந்தர முகத்துவாரம் வேண்டும் என்பது மீனவர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. அதை ஏற்று, அண்மை ஆண்டுகளில் தமிழக அரசு சுமார் 27 கோடி ரூபாய் மதிப்பில் முகத்துவாரத்தின் இருபுறமும் கல் சுவர் எழுப்பும் பணியை மேற்கொண்டது. படகுகளுக்கு அது உண்மையான நன்மை. அதே நேரம் அதுவும் கடலுக்குள் நீளும் கல் சுவர்தான். முகத்துவாரத்தின் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் குறையும். வடபக்கத்தில் இருப்பவை ஸ்ரீஹரிக்கோட்டாவை நோக்கிச் செல்லும் மணல் திட்டும் ஆந்திர எல்லையும். 1979இலிருந்து செயற்கைக்கோள் ஏவும் கலங்கள் புறப்படும் அந்தத் தீவின் கரையிலும் கடலரிப்பு இப்போது பேசுபொருளாகியிருக்கிறது.

லைட்ஹவுஸ் குப்பத்திற்கு அப்பெயரைத் தந்த கலங்கரை விளக்கம் முதலில் 1859இல் அமைக்கப்பட்டது. இப்போதுள்ள கோபுரம் 1985இல் எழுந்தது. அதன்மேல் நின்று பார்ப்பவருக்கு மேற்கே ஏரியும் கிழக்கே கடலும் ஒரே பார்வையில் தெரியும். இரண்டுக்கும் நடுவே வீடுகள், சவுக்குத் தோப்பு, படகு வரிசை, ஒரு சாலை. தெற்கே வானம் தெளிவாக உள்ள நாட்களில் காட்டுப்பள்ளியின் பளுதூக்கிகளும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் தென்படும்.